கோதுமையில் விதையையும் யூரியாவையும் கூட்டினால் வைக்கோல் கூடுமா?

கேள்வி: பாசன நிலத்தில் குட்டை ரகக் கோதுமை போடுகிறேன். மணியோடு மாட்டுக்கு வைக்கோலும் நிறைய வேண்டும் என்பதால், போன பருவம் ஹெக்டேருக்கு 100 கிலோவுக்குப் பதில் 150 கிலோ விதைத்தேன். யூரியாவையும் கூட்டினேன். பயிர் தளதளவென்று வளர்ந்தது, ஆனால் பால் பிடிக்கும் சமயத்தில் சாய்ந்துவிட்டது. தவறு விதையிலா, உரத்திலா?

பதில்: இரண்டையும் ஒன்றாகக் கூட்டியதுதான் தவறு. ஒன்றை மட்டும் கூட்டியிருந்தால் பயிர் ஒருவேளை தாங்கியிருக்கும்.

முதலில் விதை. 1000 மணி 40 கிராம் எடையுள்ள விதை என்றால், ஹெக்டேருக்கு 100 கிலோ என்பது சதுர மீட்டருக்கு 250 மணி. 150 கிலோ போட்டால் 375. ஆனால் வைக்கோல் அதே கணக்கில் ஒன்றரை மடங்கு ஆகாது. கோதுமை தூர் கட்டும் பயிர், அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விடும். இடம் இருந்தால் ஒரு செடியே பல தூர் விடும், நெருக்கமாக இருந்தால் ஒன்றிரண்டோடு நின்றுவிடும். விட்ட தூரிலும் பல, வெளிச்சம் கிடைக்காமல் கதிர் வராமலே காய்ந்துபோகும். மிஞ்சும் தண்டுகளும் மெலிந்து போகும். நிழலில் அடிக்கணுக்களுக்கு இடையிலுள்ள தண்டுப் பகுதி நீண்டு வளர்வதால் தண்டின் பலமும் அடியிலேயே குறைந்துவிடும்.

வைக்கோலை நன்றாகக் கூட்டுவது யூரியா தரும் தழைச்சத்துதான் (நைட்ரஜன்). தூரின் எண்ணிக்கை, செடியின் உயரம், இலையின் அகலம் எல்லாம் அதனால் கூடும். ஆனால் எவ்வளவு போட்டோம் என்பதைவிட எப்போது போட்டோம் என்பது முக்கியம். தூர் கட்டும் பருவத்திலும் தண்டு நீளத் தொடங்கும் சமயத்திலும் கிடைக்கும் தழைச்சத்து வைக்கோலாக மாறும். கதிர் வெளியே வந்த பிறகு போட்டால் மணியின் புரதம் சற்றுக் கூடலாம், வைக்கோலுக்குப் பயனில்லை. அளவு மீறினால் பயிர் சாய்வது மட்டுமல்ல, துரு நோயும் சாம்பல் நோயும் எளிதில் பிடிக்கும், முதிர்ச்சியும் தள்ளிப்போகும். சாய்ந்த பயிரின் வைக்கோல் ஈரத்தில் பூசணம் பிடித்தால் மாட்டுக்கும் ஆகாது.

சரி, இந்தப் பருவம் என்ன செய்யலாம்? விதையை 100 கிலோவுக்கே கொண்டுவாருங்கள். அதற்கு முன் 1000 மணியை எண்ணி எடை போட்டுப் பாருங்கள். பருமனான மணி என்றால் கொஞ்சம் கூட்டவும், சிறிய மணி என்றால் குறைக்கவும் வேண்டும். வரிசை இடைவெளி 20 முதல் 22 சென்டிமீட்டர் போதும். விதைப்பு தாமதமானால் மட்டும் விதையை 125 கிலோவாக்கி, வரிசையை 18 சென்டிமீட்டருக்கு நெருக்கலாம். அப்போது தூர் கட்ட நாள் குறைவு என்பதால் அங்கே கூடுதல் விதைக்கு நியாயம் உண்டு.

பாசனக் கோதுமைக்கு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து, 60 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 40 கிலோ சாம்பல் சத்து (பொட்டாஷ்) என்பது பரவலான பொது அளவு. மண் பரிசோதனை செய்திருந்தால் அதன்படி மாற்றுங்கள். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் முழுவதும் அடியுரம், அதாவது விதைக்கும்போதே போடுவது. தழைச்சத்தில் பாதியை அடியுரமாகவும், கால் பங்கை 20-25 நாளில் முதல் தண்ணீரோடும், மீதியை 40-45 நாளிலும் கொடுங்கள். யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து, ஆகவே 120 கிலோவுக்குச் சுமார் 260 கிலோ யூரியா. மணிச்சத்துக்காக டிஏபி உரம் போட்டால் அதிலுள்ள 18 சதவீதத் தழைச்சத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். பலர் இதைக் கழிக்க மறந்துதான் அளவை மீறுகிறார்கள்.

வைக்கோல்தான் பெரிய தேவை என்றால் உரத்தை ஏற்றுவதைவிட ரகத்தை மாற்றிப் பார்க்கலாம் என்பது என் கருத்து. குட்டை ரகத்தில் மொத்த எடையில் 40 முதல் 45 சதவீதம் மணிக்கே போய்விடும். சற்று உயரமான ரகத்தில் வைக்கோலின் பங்கு அதிகம், ஆனால் அதற்குத் தழைச்சத்தைக் குறைத்தே கொடுக்க வேண்டும். எந்த ரகமானாலும் கோதுமை வைக்கோலில் புரதம் 3-4 சதவீதம்தான். மாட்டின் வயிறு நிறையும், சத்துக்குப் பசுந்தீவனமோ பிண்ணாக்கோ கூடவே வேண்டும்.

அப்புறம், பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் நிற்கிறது. பருவந்தோறும் வைக்கோலை அள்ளிப் போகிறீர்கள் என்றால் தொழுவுரத்தை அந்த நிலத்துக்கே திருப்பிப் போடுங்கள்.