கொரங்காட்டைக் காக்க யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டாம்

கேள்வி: திருப்பூர் மாவட்டம் மூலனூர் பக்கம் எனக்கு 8 ஏக்கர் கொரங்காடு (உயிர்வேலிக்குள் புல்லும் மரமும் வளர்த்து மாடு மேய்க்கும் மேய்ச்சல் காடு) இருக்கிறது. அழிக்காமல் வைத்திருக்க ஆசை. ஒருவர் வந்து, "காப்பகமாக எழுதிக் கொடுங்கள், கார்பன் பணம் (மரம் கரியமில வாயுவை இழுத்துச் சேமிப்பதற்குக் கிடைக்கும் பணம்) வாங்கித் தருகிறேன்" என்கிறார். எழுதிக் கொடுத்தால் நிலம் வனத்துறைக்குப் போய்விடும் என்கிறார் அண்ணன். எது சரி?

பதில்: வெள்வேல மரமும் கௌதாரியும் இருக்கின்றன என்பதற்காக உங்கள் பட்டா நிலத்தை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. கொரங்காட்டைக் கொரங்காடாகவே வைத்திருக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அண்ணன் பயத்தில் ஒரு விஷயம் மட்டும் உண்டு. வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 36-சி பிரிவில், தனி ஆளும் தானாக முன்வந்து சொந்த நிலத்தை, காட்டுயிர்களைக் காப்பதற்கான சமுதாயக் காப்பகமாக அரசு அறிவிக்கச் சம்மதிக்கலாம். அறிவித்த பிறகும் நிலம் உங்களுடையதுதான். ஆனால் அதில் வேறு எதுவும் செய்ய நினைத்தால் காப்பகத்தின் மேலாண்மைக் குழுவின் தீர்மானமும், மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். நாளை உங்கள் மகள் அங்கே கோழிப்பண்ணை போட நினைத்தால் கோப்பு சென்னை வரை போக வேண்டும். வாரிசுகள் எல்லோரும் மனதார ஒப்புக்கொண்டால் மட்டும் யோசியுங்கள். கூட்டுப் பட்டாவா? முதலில் பாகம் பிரியுங்கள், அப்புறம் பேசலாம்.

நீங்கள் பயப்பட வேண்டியது அந்தத் தரகருக்குத்தான். பொதுவாகக் கார்பன் பணம் புதிதாக வளர்க்கும் மரத்துக்குத்தான். தாத்தா காலத்து வெள்வேலுக்கு வராது. ஒப்பந்தம் பல பத்தாண்டுகள் ஓடும். பவர் பத்திரம், மூலப்பத்திரம், வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்து எதுவும் தராதீர்கள். ஒப்பந்த நகலை வக்கீலிடம் காட்ட வேண்டும் என்று கேளுங்கள். இழுத்தடித்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தமிழக அரசின் பசுமைப் போர்வைத் திட்டத்தில் கன்று நட்டால் இலவசக் கன்றும் ஊக்கத்தொகையும் உண்டு. நிற்கிற மரத்தையும் கொழுக்கட்டைப் புல்லையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவருக்கு அதில் ஒன்றுமில்லை. இதை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் அதிகாரிகள் குறித்துக்கொள்வதோடு சரி.

காட்டைச் சுற்றியுள்ள கிளுவை மர உயிர்வேலியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஜேசிபி வைத்துப் பிடுங்கிக் கம்பி வேலி போடுகிறார்கள். இட்டேரியில் (இருபுறமும் உயிர்வேலி உள்ள தடத்தில்) இருக்கும் கீரி, உடும்பு, குருவிக் கூடு எல்லாம் அதோடு போய்விடும். சந்து விழுந்த இடத்தில் கிளுவைப் போத்தை வெட்டி நடுங்கள், மழைக்குத் துளிர்த்துவிடும். காட்டை நாலு பாகமாக அடைத்து, ஒரு பாகத்தில் புல் விதை முற்றி உதிரும் வரை மாட்டை விடாதீர்கள். அடுத்த வருடம் வேறு பாகத்துக்கு ஓய்வு கொடுங்கள்.