வாசகர் கேள்வி: இந்தக் கண்ணாடிப் பொம்மைகளைச் செய்தவர் யார்?

கேள்வி: காலஞ்சென்ற என் மாமியார் சேர்த்து வைத்திருந்த கண்ணாடி விலங்குப் பொம்மைகள் இப்போது என் பொறுப்பில் உள்ளன. நீலமும் தேன்நிறமும் கொண்ட வாத்து, பட்டை தீட்டிய சிறிய எலி, ஒரே நிறத்தில் கனமான பறவை ஆகிய மூன்றையும் லோரோங் கூலிட் சந்தையில் பழம்பொருள் விற்பவர் ஒருவரிடம் காட்டினேன். மூன்றுமே இத்தாலியின் முரானோ தீவில் செய்த கண்ணாடி என்று பார்த்தவுடன் சொல்லிவிட்டார். இதை நம்பலாமா? செய்தவரை எப்படித் தெரிந்துகொள்வது?
வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: நம்ப வேண்டாம், சகோதரி. பழைய வண்ணக் கண்ணாடி எதைக் கண்டாலும் முரானோ என்று சொல்லும் பழக்கம் சந்தைகளில் வேரூன்றிவிட்டது. அந்தப் பேச்சைக் கேட்டு அதிக விலை கொடுப்பவர்களைவிட, வேறொரு நல்ல பட்டறையின் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டே அது யாருடையது என்று அறியாமல் போகிறவர்களை எண்ணித்தான் எனக்கு வருத்தம். பொம்மையின் முகத்தை விட்டுவிட்டு, அதன் அடிப்பாகத்தை முதலில் பாருங்கள். நல்ல பூதக்கண்ணாடி ஒன்றும் சிறிய டார்ச்லைட்டும் போதும்.

எலியின் கதை எளிதில் முடிந்துவிடும் என்று எண்ணுகிறேன். தனித்தனியே பட்டை தீட்டிய படிகத் துண்டுகளைப் பசையால் இணைத்து உருவம் செய்வது ஆஸ்திரியாவின் வாட்டன்ஸ் நகரிலுள்ள ஸ்வரோவ்ஸ்கி நிறுவனத்தின் வழி. 1976இல் அவர்கள் வெளியிட்ட முதல் உருவமே ஓர் எலிதான். அடியில் மிகச் சிறிய அன்னப் பறவை முத்திரை இருந்தால் அது 1980களின் இறுதிக்குப் பிற்பட்டது. அதற்கு முந்தையவற்றில் ‘எஸ்.சி.’ என்ற எழுத்துகள் இருக்கும். இரண்டும் இல்லையென்றால், அதே பாணியில் வேறு பலரும் செய்திருக்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்து, பெயர் சொல்லாமல் விட்டுவிடுவதே நேர்மை. பசை விட்டுப்போகலாம் என்பதால் எலியை வெந்நீரில் கழுவாதீர்கள்.

பறவையை எடுத்து, டார்ச்லைட்டின் ஒளி அடிப்பாகத்தில் சாய்வாக விழும்படி பிடித்துப் பாருங்கள். இங்கிலாந்தின் கிங்ஸ் லின் நகரில் இயங்கிய கண்ணாடித் தொழிற்சாலையை 1969இல் பீங்கான் நிறுவனமான வெட்ஜ்வுட் வாங்கிய பிறகு, ஒரே நிறத்தில் கனமான பல விலங்குகளும் பறவைகளும் அங்கே உருவாயின. அவற்றின் அடியில் அமிலத்தால் மங்கலாக அரிக்கப்பட்ட ‘வெட்ஜ்வுட்’ முத்திரை, நேர் வெளிச்சத்தில் தெரியாமல் சாய்ந்த ஒளியில் மட்டுமே தெரிவதுண்டு. பின்லாந்தின் நூதாயார்வி கண்ணாடிப் பட்டறையில் ஓய்வா தோய்க்கா 1970களில் இருந்து வடிவமைத்த பறவைகளிலோ, அடியில் அவருடைய பெயரே கீறி எழுதப்பட்டிருக்கும்.

வாத்துதான் கடினமானது, சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு நிறக் கண்ணாடியின் மேல் மற்றொரு நிறத்தையும், அதற்கும் மேல் நிறமற்ற கண்ணாடியையும் உருகிய நிலையிலேயே போர்த்தும் சொம்மெர்சோ என்னும் முறை முரானோவுக்குப் புகழ் தந்தது. கையால் செய்த பொம்மையின் அடியில், வேலை முடியும்வரை அதைத் தாங்கியிருந்த இரும்புக் கோலை உடைத்தெடுத்த வடு கரடுமுரடாகவோ, தேய்த்து வழவழப்பாக்கிய வட்டமாகவோ தெரியும். உடலின் இருபுறமும் மெல்லிய கோடு ஓடினால் அது அச்சில் வார்த்தது. ஆனால் வடு இருப்பதால் மட்டும் அது முரானோ ஆகிவிடாது; செக் நாட்டிலும் ஸ்வீடனிலும் கோலைப் பிடித்தே கண்ணாடி செய்தார்கள். முரானோவிலேயே ஆர்க்கிமெதே செகூசோ 1946இலும் அல்ஃப்ரேதோ பார்பினி 1950இலும் சொந்த உலைகளைத் தொடங்கினார்கள். ஒரே தீவில் பல உலைகள் ஒத்த உருவங்களைச் செய்ததால், கையெழுத்தோ பழைய லேபிளோ நிறுவனத்தின் பட்டியலில் பொருந்தும் படமோ இன்றி இன்னாருடையது என்று சொல்ல இயலாது.

லேபிளையும் அப்படியே நம்பாதீர்கள், ஏனெனில் அது உதிரக்கூடியது, பிறகு ஒட்டவும் கூடியது. ‘வெத்ரோ ஆர்த்திஸ்திக்கோ முரானோ’ என்ற வணிக முத்திரை, முரானோ அடங்கிய வெனெத்தோ மாநிலத்தின் சட்டத்தால் 1994இல்தான் ஏற்பட்டது. 1960களைச் சேர்ந்தது என்று விற்கப்படும் வாத்தில் அந்த ஸ்டிக்கர் இருந்தால், இரண்டில் ஒன்று பொய். உங்கள் வாத்தில் எழுத்தோ லேபிளோ இல்லாவிட்டால், ‘முரானோ பாணி, செய்தவர் பெயர் தெரியவில்லை’ என்று சீட்டில் எழுதி அதனுடன் வையுங்கள். மாமியார் எந்த ஊரில், ஏறத்தாழ எந்த ஆண்டில் வாங்கினார் என்று குடும்பத்தாருக்கு நினைவிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். பின்னாளில் ஆராய்பவருக்கு அது பெருந்துணை.

கேள்வி: புறஊதா விளக்கில் பச்சையாக ஒளிரும் பொம்மை பழைய முரானோ என்கிறார்களே, உண்மையா?
வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இல்லை. அந்தப் பளிச்சிடும் பச்சை, கண்ணாடியில் யுரேனியம் சேர்ந்திருப்பதைத்தான் காட்டும். 19ஆம் நூற்றாண்டிலேயே, இன்று செக் நாட்டில் உள்ள பொஹீமியாவில் யுரேனியக் கண்ணாடி செய்தார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் செய்தார்கள், முரானோவிலும் செய்தார்கள். மாங்கனீசு கலந்த பழைய கண்ணாடியும் மங்கலான பச்சை காட்டுவதுண்டு. செய்தவரின் பெயரை விளக்கு சொல்லாது. அதற்கு மேற்கண்ட வாசகிக்குச் சொன்னபடி அடிப்பாகத்தையே ஆராயுங்கள்.