மொய் நோட்டு எழுதுகிறவருக்குக் கணக்கு வராதா?

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. வீட்டுக்காரர் ஆறு ஏக்கரில் குறுவை, சம்பா செய்கிறார், சம்பா முடிந்ததும் உளுந்து. பாபநாசம் பக்கத்தில் வீடு கட்ட இருவர் பெயரிலும் வங்கியில் 25 லட்சம் கடன் வாங்கினோம். 20 வருஷத் தவணை, எட்டரை சதவீத வட்டி. நாலு வருஷம் முடிந்துவிட்டது. மாதம் 21,696 ரூபாய் என் சம்பளக் கணக்கில் பிடித்துக்கொள்கிறார்கள். கையில் பணம் வரும்போதெல்லாம் கொஞ்சம் அசலைக் குறைக்கலாம் என்றால், "அது பாட்டுக்கு ஓடுது, உனக்கு என்ன வந்துச்சு" என்கிறார். வரவு செலவு எழுத நோட்டு வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரம்கூட எழுதவில்லை. மாசியில் கொள்முதல் பணம் இரண்டே முக்கால் லட்சம் வந்தது, ஆடிக்குள் ஒன்றுமில்லை. உளுந்துப் பணம் போன இடமே தெரியவில்லை. கேட்டால், அவர் அக்கா எதிரிலேயே "என்னைக் கணக்கு கேட்கிறியா" என்று சத்தம். என் நகை ஒன்றேகால் லட்சத்துக்கு அடகுக் கடையில் இருக்கிறது, நூற்றுக்கு மாதம் ஒன்றரை வட்டி. அடுத்த மாதம் ஏலச்சீட்டில் எனக்கு ஒன்றரை லட்சம் வருகிறது. அவரிடம் சொல்லாமல் அதை வீட்டுக் கடனில் கட்டிவிடலாமா?
- பெயர் வெளியிட வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: சகோதரி, சீட்டுப் பண விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால், பீரோவில் இருக்கும் உங்கள் வீட்டு மொய் நோட்டைக் கொஞ்சம் எடுத்துப் பிரியுங்கள். எந்த ஊர், யார் வீட்டு விசேஷம், அவர்கள் நமக்குச் செய்தது எவ்வளவு, நாம் திருப்பிச் செய்தது எவ்வளவு, வெள்ளிக் குத்துவிளக்கா ரொக்கமா என்று வரிவரியாக இருக்கும். பெரும்பாலும் அது உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்தாகத்தான் இருக்கும். உங்கள் மாவட்டத்திலேயே பேராவூரணி பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து என்று தனியாகவே நடத்துகிறார்கள். பந்தியில் உட்காரவைத்துக் கறிச்சோறு போட்டு, லட்சக்கணக்கில் மொய் வாங்கி, அத்தனையையும் நோட்டில் ஏற்றி வைக்கிறார்கள். பத்திரம், ஜாமீன் எதுவும் கிடையாது. நோட்டு ஒன்றுதான் சாட்சி. இந்த மண்ணில் பிறந்த மனிதருக்குக் கணக்கு எழுத வராது என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள்.

தான் பட்ட கடன் என்று எதை நினைக்கிறாரோ அதற்கு அவர் எழுதுகிறார். வீட்டுக் கடன் அந்த வரிசையில் இன்னும் வரவில்லை. எப்படி வரும்? தவணை போவது உங்கள் சம்பளத்தில், குறுஞ்செய்தி வருவது உங்கள் போனில். உரக்கடை பாக்கி இருந்தால் கடைக்காரர் டீக்கடையில் வைத்தே கேட்டுவிடுவார். அறுவடை மெஷின்காரர் வாசலுக்கே வந்து நிற்பார். வங்கிக்காரரையோ, கையெழுத்துப் போட்ட நாளுக்கு அப்புறம் அவர் பார்த்திருக்கவே மாட்டார். அவர் வரையில் அது "டீச்சரம்மா கட்டுகிற பணம்". நாலு வருஷமாக ஒரு தவணைகூடத் தவறாமல் நீங்கள் கட்டிவருவதே அவரை நிம்மதியாகத் தூங்க வைத்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டே முக்கால் லட்சம் வந்தது, ஒன்றுமில்லை என்கிறீர்கள். குறுவைக்கு உழவு, நாற்று, நடவு, உரம், மருந்து, களை என்று ஏக்கருக்கு முப்பதாயிரம் வைத்தாலே ஆறு ஏக்கருக்கு 1,80,000 ஆயிற்று. அது செலவழிந்த பணமில்லை, வயலில் இறக்கிய பணம். உங்களுக்கு மாதா மாதம் சம்பளம். அவருக்கு வருஷத்தில் இரண்டு, மிஞ்சினால் மூன்று தடவைதான் காசைக் கண்ணில் காட்டும். அவரிடம் போய் மாதாந்திர பட்ஜெட் நோட்டை நீட்டி, பெட்ரோலுக்கு எவ்வளவு, டீக்கு எவ்வளவு என்று எழுதச் சொன்னால் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் கேட்கிற மாதிரித்தான் தோன்றும். அதுவும் அக்கா எதிரில்! டீக்காசைப் பிடித்து எந்தக் குடும்பமும் வீட்டுக் கடனை அடைத்ததில்லை. அந்த நோட்டை விட்டுவிடுங்கள்.

கையில் பணம் இருக்கட்டும் என்று அவர் நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது. மேட்டூரில் வழக்கமாகத் தண்ணீர் திறப்பது ஜூன் 12. 2024-இல் ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். போர்வெல் இல்லாதவர்கள் குறுவையை எப்படிச் செய்வது? விளைந்தாலும், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். மழையில் நெல்லைக் குவித்து வைத்துக்கொண்டு தார்ப்பாயோடு மல்லுக்கட்டியவருக்கு, வங்கியில் போட்ட பணம் அவசரத்துக்குத் திரும்பி வராது என்ற பயம் இருக்கத்தான் செய்யும். "அது பாட்டுக்கு ஓடுது" என்று அவர் சொல்வதற்குள் இந்தப் பயமும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். அடுத்த சாகுபடிச் செலவும், நாலு மாதக் குடும்பச் செலவும் முதலில் தனியாக இருக்கட்டும், அதில் நான் கை வைக்க மாட்டேன் என்று நீங்களே முந்திக்கொண்டு சொன்னால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

சரி, கடனுக்குப் பணம் எங்கே இருக்கிறது? உளுந்தில் இருக்கிறது. தையில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது ஈரத்தோடு ஈரமாக விதைத்துவிட்டு, மிச்ச ஈரத்திலும் பனியிலும் விளைய விடுகிற பயிர். நெல்லைப் போல முதல் கேட்காது. ஏக்கருக்கு இரண்டு குவிண்டால் கண்டு, குவிண்டால் ஏழாயிரத்துக்குப் போனாலும் ஆறு ஏக்கருக்கு 84,000. மருந்து, பறிப்புக்கூலி, அடிப்புக்கூலி எல்லாம் போக அறுபதாயிரம் நிற்கும். அடுத்த சாகுபடியும் அதை நம்பி இல்லை. அதனால்தான் அது போகிற இடம் தெரியாமல் போகிறது. அந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். நெல்லுப் பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம்.

இந்த அறுபதாயிரம் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் வட்டி இடையில் ஏறி இறங்கியிருக்கும், எட்டரை என்றே வைத்துக்கொள்கிறேன். நாலு வருஷத்தில் நீங்கள் கட்டியது 10 லட்சத்து 41 ஆயிரம். அதில் அசலில் குறைந்தது 2 லட்சத்து 27 ஆயிரம்தான். இன்னும் 22 லட்சத்து 73 ஆயிரம் நிற்கிறது. முதல் மாதத் தவணையில் 17,708 ரூபாய் வட்டிக்கே போய், அசலுக்குப் போனது நாலாயிரத்துக்கும் குறைவு. இப்படியே விட்டால் இன்னும் 16 வருஷம். வருஷத்துக்கு ஒரு தடவை அறுபதாயிரம் அசலில் கட்டினால் 11 வருஷத்தில் ஏறக்குறைய முடிந்துவிடும், ஆறு லட்சத்துக்கு மேல் வட்டி மிச்சம். மழை வந்து உளுந்து அழிந்த வருஷம் கட்ட வேண்டாம், விட்டுவிடுங்கள். அதற்காகச் சண்டை பிடிக்கவும் வேண்டாம்.

இதை நீங்கள் சொல்லி அவர் கேட்க வேண்டாம், அவரே பார்க்கட்டும். வங்கியில் கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட் வாங்கி வாருங்கள். பத்து லட்சம் கட்டியும் இரண்டே கால்தான் குறைந்திருக்கிறது என்பது வட்டி, அசல் என்று பிரித்துப் போட்ட அந்தத் தாளில் பளிச்சென்று தெரியும். மொய் நோட்டு எழுதுகிறவருக்கு அதைப் படிக்க உங்கள் உதவி தேவைப்படாது. கூலி கொடுக்கிற அன்றைக்கோ, மெஷின்காரர் காத்திருக்கிற நேரத்திலோ பேச்சை ஆரம்பிக்காதீர்கள். அறுப்பு முடிந்து, உளுந்து பச்சை கட்டி நிற்கிற மாசியில், நாத்தனார், மாமியார் யாரும் இல்லாத ஒரு சாயங்காலம் போதும். "என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன், எனக்கு மலைப்பா இருக்கு" என்று கையில் கொடுத்துவிட்டுக் காப்பி போடப் போய்விடுங்கள். உடனே பதில் வராது. நாலு நாள் கழித்து அவராக ஏதாவது கேட்பார். அப்போது உளுந்தைச் சொல்லுங்கள்.

பணத்தைக் கட்டப் போவது அவராக இருக்கட்டும், இது முக்கியம். உங்கள் போனிலிருந்து அனுப்பிவிட்டால் பழையபடி டீச்சரம்மா கடனாகவே இருக்கும். அவர் கையால் கட்டி, ரசீதை அவர் கையில் வாங்கி, மீதி எவ்வளவு என்று அவரே அதிகாரியிடம் கேட்டுவிட்டு வரட்டும். மொய் நோட்டிலேயே கடைசியில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதினால் இன்னும் நல்லது. என்னைக் கேட்டால் அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டிக் கட்டினால் அபராதம் போடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கவுண்டரில் யாராவது வேறு மாதிரி சொன்னால் எழுத்தில் கேளுங்கள். பகுதித் தொகை கட்டும்போதே, தவணைத் தொகை அப்படியே இருக்கட்டும், மாதங்களைக் குறையுங்கள் என்று ஒரு கடிதம் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்டால் சில இடங்களில் தவணையைக் குறைத்துவிட்டு மாதங்களை அப்படியே வைத்துவிடுவார்கள், நான் மேலே சொன்ன மிச்சம் வராது. இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்பதையும் பாருங்கள். 2022, 23-இல் வட்டி ஏறியபோது தவணையை ஏற்றாமல் மாதங்களை நீட்டிய வங்கிகள் நிறைய. 16 வருஷத்துக்கு 192 மாதம், அதற்கு மேல் காட்டினால் காரணம் கேளுங்கள். 2025-இல் ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கிற வட்டி, 6.50 சதவீதத்திலிருந்து 5.25-க்கு இறங்கியது, அந்தக் குறைவு உங்கள் கணக்குக்கு வந்ததா என்பதையும் சேர்த்தே கேட்டுவிடலாம். வரிச் சலுகை போய்விடுமே என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது சொல்வார்கள். புதிய வரி முறையில் இருந்தால் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குச் சலுகையே கிடையாது. பழைய முறையில் இருந்தாலும் முப்பது காசு வரியை மிச்சம் பிடிக்க ஒரு ரூபாய் வட்டி கட்டுவது என்ன கணக்கோ!

விசேஷச் செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும். அக்கா வீட்டுக் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீரை நிறுத்தச் சொல்லி ஜெயித்த மனைவியை நான் பார்த்ததில்லை. அந்த வம்பு வேண்டாம். வருஷத்துக்கு இவ்வளவு என்று தையிலேயே அவர் வாயால் ஒரு தொகையைச் சொல்லவைத்தால் போதும்.

இப்போது சீட்டுப் பணம். வீட்டுக் கடனில் கட்ட வேண்டாம், சொல்லாமல் கட்டவே வேண்டாம். இருவர் பெயரிலும் இருக்கும் கடன். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு ஸ்டேட்மென்டில் அவர் கண்ணில் படும். "எனக்குத் தெரியாமல் ஒன்றரை லட்சம் கட்டியவள் என்னைக் கணக்கு கேட்கிறாள்" என்று ஒரு வார்த்தை வந்தால், மேலே சொன்னது அத்தனையும் வீண். அதோடு, மாதம் ஒன்றரை என்றால் வருஷத்துக்கு 18 சதவீதம். ஒன்றேகால் லட்சத்துக்கு வருஷம் 22,500 ரூபாய் அடகுக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதே தொகையை வீட்டுக் கடனில் கட்டினால் முதல் வருஷம் மிச்சமாவது 10,625. சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் அவரையும் கூட்டிக்கொண்டு போய் நகையைத் திருப்பிவிடுங்கள். மறுபடி சாகுபடிக்கு அவசரம் வந்தால் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வைத்துக்கொள்ளலாம், வட்டி இதில் பாதிகூட வராமல் போகலாம். சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியிருந்தால் அதை அவசரப்பட்டு அடைக்க வேண்டாம். கெடுவுக்குள் கட்டினால் அதற்கு வட்டியே இல்லை, கெடு தேதியை மட்டும் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். நகை போக மிஞ்சும் இருபத்தைந்தாயிரம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், அதற்கு யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.