பதின்வயதுக் காதலில் வீட்டுக்கும் நண்பர்களுக்கும் என்ன பங்கு?

பதின்வயதுக் காதல் என்பது 13 முதல் 19 வயதுக்குள் ஒருவர்மேல் வரும் ஈர்ப்பும் நெருக்கமும். சண்டை போடுவதையும் சமாதானம் ஆவதையும் பிள்ளைகள் முதலில் வீட்டில்தான் பார்க்கிறார்கள். கோபம் வந்தால் அப்பா இரண்டு நாள் பேசாமல் இருக்கிற வீட்டுப் பையன், வாட்ஸ்அப்பில் ப்ளூ டிக் விழுந்தும் பதில் போடாமல் அதையே செய்யக்கூடும். தாய்மொழி மாதிரிதான், யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை.

நண்பர்களின் பங்கு வேறு. சிட்னி இளைஞர்களைக் கவனித்து 1963இல் சமூகவியலாளர் டெக்ஸ்டர் டன்ஃபி எழுதினார்: ஆண்கள், பெண்கள் எனத் தனித்தனியாக இருக்கும் குழுக்கள் முதலில் கலக்கின்றன, ஜோடிகள் அப்புறம்தான். பொறாமை, ரகசியம், விட்டுக்கொடுத்தல் எல்லாம் நட்பிலேயே பழகிவிடுகின்றன. (“அவன் வேண்டாம்டி” என்று தோழி சொன்னால் எடுபடும், அம்மா சொன்னால் சந்தேகம்தான்.)

சண்டைக்கார வீட்டுப் பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்பது தவறு. நம்பிக்கையான ஒரு சித்தியோ நண்பனோ இருந்தால் வேறு விதமாகவும் பழகிக்கொள்ளும்.