கடல் மீன் தொட்டி: ஹீட்டரை அடியுங்கள், சில்லர் என்று எழுதுங்கள்

கே: நல்ல தண்ணீர் மீன்கள் பல வருடமாக வளர்க்கிறோம், தங்கமீன், மோலி, கப்பி என்று. இப்போது மகனுக்கு ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்தான் வேண்டுமாம். கடைக்காரர் பட்டியல் எழுதிக் கொடுத்தார்: இரண்டடித் தொட்டி, பவளம் வளர்க்கிற நீல எல்ஈடி லைட், கேனிஸ்டர் ஃபில்டர், ஹீட்டர், புரோட்டீன் ஸ்கிம்மர். மொத்தத் தொகையைக் கேட்டதிலிருந்து வீட்டில் என்னோடு யாரும் பேசுவதில்லை. எதை வாங்குவது, எதை விடுவது?
- வாசகர், பெரம்பூர்

ப: முதலில் பட்டியலில் ஹீட்டரை அடித்துவிடுங்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரைச் சூடாக்க ஒரு கருவியா! கோமாளி மீனுக்கு 25 முதல் 27 டிகிரி இருந்தால் போதும், நம்மூரில் சித்திரை வைகாசியில் ஃபேன் ஓடுகிற அறையிலேயே தொட்டித் தண்ணீர் 31, 32-க்குப் போய்விடும், இதில் உள்ளே ஓடும் மோட்டார்களின் சூடு வேறு. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், உப்புத் தண்ணீரில் அது ஏற்கெனவே நல்ல தண்ணீரை விடக் குறைவு. ஆகவே உங்களுக்குத் தேவை சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி.

அடுத்து அந்த நீல லைட்டையும் அடியுங்கள். அது பவளத்துக்கு. மீன் மட்டும் வளர்ப்பவருக்குச் சாதாரண வெள்ளை எல்ஈடி போதும், மீனின் நிறம் தெரிந்தால் சரி. இந்த இரண்டிலும் மிச்சமாகும் பணத்தைச் சில்லரில் போடுங்கள். பட்டியலிலேயே விலை கூடிய பொருள் அதுவாகத்தான் இருக்கும், தொட்டியை விட அதிகமாகக் கூட ஆகும், கசக்கத்தான் செய்யும். சில்லர் தண்ணீரிலிருந்து எடுக்கிற சூட்டை வெளியே விடும், அதனால் அதைக் கதவு மூடிய ஸ்டாண்டுக்குள் அடைத்து வைக்காதீர்கள். சில்லருக்குக் கட்டாது என்றால் தண்ணீரின் மேல்பரப்பில் காற்று அடிக்கிற மாதிரி சின்ன ஃபேன்கள் வைக்கலாம். இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் காற்றில் ஈரப்பதம் அதிகமான நாளில் அதுவும் இறங்காது.

ஃபேன் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். மட்டம் குறைந்ததே என்று உப்புத் தண்ணீரை ஊற்றினால் நாளுக்கு நாள் உப்பு ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை சுத்தமான நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.

தொட்டி இரண்டடி வேண்டாம், மூன்றடி வாங்குங்கள். பெரியது என்றால் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், கடல் மீனில் கதை தலைகீழ். அறுபது லிட்டரில் ஒரு மீன் செத்துக் கவனிக்காமல் கிடந்தால் மறுநாள் காலைக்குள் மொத்தத் தண்ணீரும் கெட்டுவிடும், நூற்றைம்பது லிட்டரில் சமாளிக்க நேரம் கிடைக்கும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் முழுக்க நிரப்பினால் 190 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 250 கிலோவைத் தாண்டும், எங்கே வைப்பது என்று தண்ணீர் ஊற்றும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். இரும்பு ஸ்டாண்டு என்றால் எபாக்ஸி பெயின்ட் அடித்தது வேண்டும், உப்புத் துளி பட்டால் சாதாரண பெயின்ட் நிற்காது.

ஸ்கிம்மரில் கடைக்காரர் சொன்னது சரி. மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருக்கிற புரதம் நுண்ணிய காற்றுக் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறும், பருப்பு கொதிக்கும்போது ஓரத்தில் திரளும் நுரை மாதிரி, ஆனால் பழுப்பு நிறத்தில். அது மேலே உள்ள கப்பில் வழிந்து சேரும். அந்தக் கப்பைக் கழுவும்போது வரும் நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தால் இதெல்லாம் தண்ணீரிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று புரிந்துவிடும். பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கை நம்பாமல், உங்கள் தொட்டியைப் போல இரண்டு மடங்குக்கு என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

கேனிஸ்டர் ஃபில்டர், அதாவது தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர், கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் மாட்டும் அழுக்கு அங்கேயே அழுகி நைட்ரேட்டாக மாறும், வாரா வாரம் பிரித்துக் கழுவ உங்களால் முடியுமா? முடியாதென்றால் தொட்டிக்கு அடியில் இன்னொரு சின்னத் தொட்டி, அதாவது சம்ப், வைத்து ஸ்கிம்மரை அதில் இறக்குங்கள்.

இனி பட்டியலில் விட்டுப்போனவை. தண்ணீரை அலையடிக்க வைக்கும் வேவ்மேக்கர் ஒன்று, உப்பு அளக்க ரிஃப்ராக்டோமீட்டர், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் சோதிக்கும் கிட் (கடல் நீருக்கானது என்று கேட்டு வாங்குங்கள்), அப்புறம் ஆர்ஓ-டிஐ தண்ணீர், அதாவது ஆர்ஓவில் வடிகட்டி மிச்ச உப்பையும் டிஐ ரெசினில் நீக்கிய தண்ணீர். ஷோகேஸில் வைத்தால் கண்ணில் படாத சாமான்கள், ஆனால் மீன் பிழைப்பது இவற்றை நம்பித்தான். முள் ஆடுகிற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் மலிவாகக் கிடைக்கும், முள்ளில் ஒரு குமிழி ஒட்டினாலே தப்பாகக் காட்டும். ரிஃப்ராக்டோமீட்டரையும் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசல் விட்டுச் சரிபார்த்த பிறகே நம்புங்கள்.

எல்லாம் வந்து சேர்ந்தாலும் அன்றைக்கே மீன் வாங்கிவிடாதீர்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நல்ல தண்ணீரில் இந்த அவசரம் சில சமயம் மன்னிக்கப்படும். கடல் நீரின் பிஎச் 8.1 முதல் 8.3 வரை, அந்த அளவில் அதே அம்மோனியா அதிகம் விஷமாகிறது. மகனிடம் காலண்டரைக் கொடுத்துவிடுங்கள்.

கே: கடைகளில் கடல் உப்பு பாக்கெட் விலை தலை சுற்றுகிறது. கல்லுப்பும் கடலிலிருந்துதானே வருகிறது, அதைக் கரைத்தால் ஆகாதா? இல்லாவிட்டால் பீச்சிலிருந்தே இரண்டு கேன் தண்ணீர் எடுத்து வரலாமா?
- வாசகி, திருவான்மியூர்

ப: உப்பளம் பார்த்திருக்கிறீர்களா? தூத்துக்குடியிலோ மரக்காணத்திலோ பாத்தியில் கடல் நீர் வற்றும்போது கால்சியம் சேர்ந்த உப்புகள்தான் முதலில் அடியில் படியும், அதற்கப்புறம்தான் நாம் சாப்பிடும் உப்பு பூக்கும். மக்னீசியமும் பொட்டாசியமும் மிச்சம் நிற்கும் கசப்புத் தண்ணீரிலேயே தங்கிவிடும், அதை வடித்து விட்டுவிடுவார்கள். உப்பு எவ்வளவு சுத்தமோ அவ்வளவுக்குக் கடலின் மற்ற சரக்கெல்லாம் அதில் இல்லை என்று அர்த்தம். கடல் நீரில் கரைந்திருப்பதில் எடைக்கணக்கில் சுமார் 85 சதவீதம் சோடியமும் குளோரைடும்தான், ஆனால் மீதி 15-ஐ விட்டால் மீன் நிலைக்காது. பாக்கெட் உப்பில் அந்த மீதியைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள், காசு அதற்குத்தான்.

லிட்டருக்கு 35 முதல் 38 கிராம், 150 லிட்டருக்கு ஐந்தரை கிலோ அளவில் வரும். அடர்த்தி 1.025 இருக்க வேண்டும். தனி பிளாஸ்டிக் டிரம்மில் ஒரு மோட்டார் போட்டு ஒரு நாள் சுற்றவிட்டு அப்புறம் ஊற்றுங்கள், மீன் இருக்கும் தொட்டியில் நேராக உப்பைக் கொட்டக் கூடாது.

பீச் தண்ணீர் வேண்டாம். கூவமும் அடையாறும் கடலில் எங்கே கலக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். ஐப்பசி கார்த்திகை மழையில் கரையோரத் தண்ணீரில் உப்பும் இறங்கிவிடும்.

கே: வீட்டில் காப்பர் ஆர்ஓ இருக்கிறது. அந்தத் தண்ணீரிலேயே உப்பு கலக்கலாமா?
- வாசகர், மதுரை

ப: கூடாது, அதுவும் காப்பர் என்றால் கூடவே கூடாது. நமக்கு நல்லது என்று சேர்க்கிற அந்தச் செம்பு இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும், மீன்கூட ஓரளவு தாங்கும். காப்பர் இல்லாத ஆர்ஓவிலும் ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்து டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) ஏற்றித் தருகிறார்கள். பிளம்பரிடம் சொல்லி, மெம்பிரேன் தாண்டியதும் மினரல் கார்ட்ரிட்ஜுக்கு முன்னால் ஒரு டியூப் பிரித்து, அதில் டிஐ ரெசின் ஃபில்டர் ஒன்றை மாட்டுங்கள். டிடிஎஸ் மீட்டர் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். அது ஏறத் தொடங்கினால் ரெசின் தீர்ந்துவிட்டது. ஆர்ஓ கழித்து வெளியேற்றும் தண்ணீரை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கே: எங்கள் ஊரில் கரண்ட் போனால் சில சமயம் நாலு மணி நேரம் வராது. இன்வெர்ட்டரில் எதையெல்லாம் கொடுப்பது?
- வாசகர், தேனி

ப: வேவ்மேக்கரை மட்டும். தண்ணீர் மேல்பரப்பு கலங்கிக்கொண்டிருந்தால் ஆக்சிஜன் கிடைக்கும், அந்த நாலு மணி நேரத்துக்கு மீனுக்கு வேண்டியது அதுதான். சில்லரைக் கொடுத்தால் பேட்டரி காலி. கையில் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று இருக்கட்டும், அது வேவ்மேக்கர் பழுதானாலும் உதவும். கரண்ட் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்கிறேன்: ஒவ்வொரு ஒயரும் பிளக் பாயின்ட்டுக்குக் கீழே தொங்கி வளைந்து, பிறகு மேலேறிச் சொருக வேண்டும். ஒயர் வழியே வழிகிற உப்புத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தொட்டிக்கான லைனில் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் கையை உள்ளே விடாதீர்கள்.

கே: ராமேஸ்வரம் போனபோது கரையில் ஒதுங்கிக் கிடந்த பவளப் பாறைத் துண்டுகள் கொஞ்சம் எடுத்து வந்தேன். தொட்டியில் அடுக்கலாமா?
- வாசகர், திருச்சி

ப: வேண்டாம். பாறை கட்டும் பவளங்கள் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, செத்த துண்டுதானே என்பது பதில் ஆகாது. மன்னார் வளைகுடா தீவுகள் 1986-லிருந்து தேசியப் பூங்கா. கடல் குதிரையும் கடல் அட்டையும் இதே சட்டத்தில்தான், கடையில் காட்டினாலும் வாங்காதீர்கள். செராமிக்கில் நுண்துளைகளோடு செய்த கற்கள் கிடைக்கின்றன, பாக்டீரியா குடியேற அது போதும்.

மீனும் பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமே உருவாக்கியிருக்கிறது, கடலில் பிடித்தவற்றை விட இவை தொட்டிக்கும் தீனிக்கும் சீக்கிரம் பழகும். சின்னதாக இரண்டு வாங்குங்கள், ஒன்று கொஞ்சம் பெரிதாக. எல்லாம் ஆணாகத்தான் வளரும், இரண்டில் பெரியது பிறகு பெண்ணாக மாறிக்கொள்ளும், ஜோடி பார்த்து எடுக்கிறேன் என்று கடைக்காரர் தனி விலை சொன்னால் கொடுக்க வேண்டாம்.