உருகிய ஹைட்ரேட் நீருக்கு நினைவு உண்டா?

கேள்வி: டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரிமக் கரைப்பானையும் நீரையும் கலந்து, குளிரவைத்து கிளாத்ரேட் ஹைட்ரேட் (நீர் மூலக்கூறுகள் கூண்டுகளாகப் பிணைந்து வேறொரு மூலக்கூறை உள்ளே அடைத்துவைக்கும், பனிக்கட்டி போன்ற படிகம்) தயாரிக்கிறேன். 5 டிகிரி செல்சியஸில் உருக்கி மறுபடி குளிர்வித்தால், முதல் முறையைவிடச் சீக்கிரம் உறைகிறது. உருகிய பிறகும் நீர் மூலக்கூறுகள் கூண்டு வடிவத்தை வைத்திருக்குமா? அதை எப்படி அழிப்பது?

பதில்: முதலில் அந்த 5 டிகிரியைத்தான் சந்தேகப்படுவேன். இந்த ஹைட்ரேட்டின் உருகுநிலை ஏறக்குறைய 4.4 டிகிரி. ஒரு கிராம் உருக ஏறத்தாழ 260 ஜூல் வெப்பம் வேண்டும். இதன் வெப்பக் கடத்துதிறனோ பனிக்கட்டியினுடையதில் கால் பங்குதான். அரை டிகிரி கூடுதலை வைத்துக்கொண்டு முழுவதும் உருக நெடுநேரம் பிடிக்கும். குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சுவரோரம் மெல்லிய கண்ணாடிச் சில்லு போல ஏதாவது மின்னினால் அதுதான் உங்கள் 'நினைவு'. கண்ணுக்குத் தெரியாத துணுக்கு ஒன்று மிஞ்சினாலும் போதும், அதைப் பற்றிக்கொண்டு படிகம் வளர்ந்துவிடும்.

கூண்டில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டுண்டிருக்கிறது. உருகுநிலையை நெருங்கினாலும் அது இடம் மாறுவது அபூர்வம். இருந்த இடத்திலேயே திசை திரும்பிக்கொண்டிருக்கும். உள்ளே அடைபட்ட டெட்ராஹைட்ரோஃபியூரானின் ஆக்சிஜன் அவ்வப்போது கூண்டுச் சுவரின் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்வதால், இந்தத் திரும்பல் பனிக்கட்டியில் நடப்பதைவிட வேகமானது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: அவ்வளவு துடிப்புக்கும் கூண்டு அப்படியே நிற்கிறது! அவிழ்வது பெரும்பாலும் மேற்பரப்பில்தான். ஒரு பக்கம் பிடிமானம் இல்லாத மூலக்கூறுகள் முதலில் கழன்று திரவத்தில் சேரும், அப்புறம் அடுத்த அடுக்கு. திரவத்தில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் ஆயுளோ பிக்கோ விநாடிக் கணக்கு, அதாவது விநாடியின் லட்சம் கோடியில் சில பங்கு. அப்படிப்பட்ட நீர் மணிக்கணக்கில் கூண்டைக் காத்துவைக்கும் என்று நான் நம்பவில்லை.

மீத்தேன் ஹைட்ரேட்டில் நிலைமை வேறு. மீத்தேன் நீரில் சொற்பமாகவே கரையும். உருகியதும் நுண்குமிழிகளும் அளவுக்கு மீறிக் கரைந்த வாயுவும் தங்கிவிடும், அடுத்த உறைதலை அவை துரிதப்படுத்தலாம். உங்கள் பொருள் நீரோடு எந்த விகிதத்திலும் கலப்பதால் அந்த வழிக்கு இங்கே வாய்ப்பில்லை.

சரி, செய்ய வேண்டியது: 20 டிகிரிக்கு ஏற்றி, அவ்வப்போது குலுக்கி, ஒரு மணி நேரம் வையுங்கள். ஒருபோதும் உறையாத புதிய கலவைக் குழாய் ஒன்றையும் பக்கத்திலேயே அதே வேகத்தில் குளிர்வியுங்கள். முதல் படிகம் தோன்றும் நேரம் தற்செயலானது. இரண்டு மூன்று முறை பார்த்து முடிவுக்கு வராதீர்கள், இருபது முறையாவது வேண்டும். மூடியை இறுக்கமாக வையுங்கள். டெட்ராஹைட்ரோஃபியூரான் ஆவியாகிப் போனால், எடையில் 19 சதவீதம் என்ற சரியான விகிதம் குலைந்து, மிஞ்சிய நீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே தனியே பனிக்கட்டியாகும். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால், சூடாக்கும்போது அருகில் சுடர் வேண்டவே வேண்டாம்.