கப்பல் ஏற டிப்பொசிட்டா? ஏஜென்சிக்காரர் சொன்னதில் பாதி உண்மை

கேள்வி: எனக்கு வயது 69, மனைவிக்கு 65. மனைவி சலரோகத்துக்கு இன்சுலின் போடுபவர். ஜனவரி 10 அன்று சவுதாம்ப்டனில் புறப்பட்டு 105 இரவுகள் உலகைச் சுற்றும் சொகுசுக் கப்பலில் லண்டனில் உள்ள மகள் எங்களுக்கு இடம் எடுத்திருக்கிறார். சுன்னாகத்தில் ஒரு ஏஜென்சிக்காரர், ஏறும்போது தலைக்கு 2000 டொலர் டிப்பொசிட் கட்டாவிட்டால் ஏற்றமாட்டார்கள், தன்னிடம் தந்தால் இங்கிருந்தே கட்டிவிடலாம் என்கிறார். பாஸ்போர்ட்டையும் கப்பலில் வாங்கி வைத்துவிடுவார்களாம். முதல் இரண்டு மூன்று நாட்களில் என்னதான் நடக்கும்?

பதில்: முதலில் அந்த 2000 டொலர். கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் கப்பல் கம்பனி தந்த ரசீதைக் கேளுங்கள். ஏஜென்சியின் கடிதத் தாளில் எழுதியது ரசீது அல்ல. கம்பனியின் பெயரும் உங்கள் பதிவு இலக்கமும் அதில் இருக்கவேண்டும். அந்த இலக்கம் மகளிடம் இருக்கிறது; அதை வைத்து அவரே கம்பனியைக் கேட்டால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

ஆனாலும் அவர் சொன்னது முழுப் பொய்யல்ல, அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கப்பலுக்குள் காசு புழங்காது. ஏறும்போது உங்கள் படம் பிடித்து ஆளுக்கொரு பிளாஸ்டிக் அட்டை தருவார்கள். கபின் கதவுத் திறப்பும் அதுதான், கடையில் காசும் அதுதான், துறைமுகத்தில் இறங்கி ஏறும்போது அடையாளமும் அதுதான். அதற்குப் பின்னால் ஒரு கணக்கு ஓடும். அந்தக் கணக்குக்கு உங்கள் வங்கிக் காட் ஒன்றைப் பதியவேண்டும்.

இங்கேதான் கவனம் வேண்டும். கிரெடிட் காட் என்றால் ஒரு தொகையை உங்கள் கடன் எல்லைக்குள் பிடித்து வைப்பார்கள், அவ்வளவுதான். டெபிட் காட் என்றால் அதே தொகை உங்கள் சொந்தக் கணக்கில் பூட்டப்பட்டுக் கிடக்கும். செலவு கூடக்கூடப் புதிது புதிதாகப் பிடிப்பார்கள். பழையதை வங்கி விடுவிக்கப் பல நாட்கள் செல்லலாம். செலவழித்தது 200 டொலராக இருக்க, கணக்கில் 600 டொலரைத் தொடமுடியாமல் நிற்கும். டெபிட் காட்டைப் பதியவே வேண்டாம். உள்ளூர் வங்கிக் காட் எதுவானாலும், வெளிநாட்டுப் பாவனையைத் திறந்துவிடும்படி புறப்படுமுன் வங்கியில் எழுத்தில் கேளுங்கள்.

காட் ஒன்றுமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் டிப்பொசிட். பல கம்பனிகளின் கப்பல்களில் காசாகக் கட்டிக் கணக்குத் திறக்கலாம். ஆனால் அதைக் கட்டும் இடம் கப்பலுக்குள் இருக்கும் வரவேற்பு மேசை. கட்டுவது நீங்கள், ரசீது உங்கள் கைக்கு, காசு தீர்ந்தால் இன்னும் கட்டுவீர்கள், மிஞ்சினால் கடைசி நாளில் திருப்பி எடுப்பீர்கள். சுன்னாகத்திலும் கட்டமுடியாது, கொழும்பிலும் கட்டமுடியாது. மகளின் காட்டைப் பதியலாமா என்பது கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். காட் சொந்தக்காரரின் ஒப்பம் கேட்பார்கள், அதை மகளே முன்கூட்டி ஒழுங்குசெய்யட்டும்.

அந்தக் கணக்கில் ஏறும் பெரிய செலவு சாப்பாடு அல்ல, கிராச்சுவிட்டி எனப்படும் சேவைக் காசு. அமெரிக்கக் கம்பனிகள் பலவற்றில் தலைக்கு நாளுக்கு 16 முதல் 20 டொலர் வரை தானாகவே ஏறும். 18 டொலர் என்று வைத்தால் இரண்டு பேருக்கு 105 நாளில் 3780 டொலர். சில்வர்சீ, ரீஜன்ட், சீபோர்ன் போன்ற உயர் சொகுசுக் கம்பனிகளில் இது பயணக் கட்டணத்துக்குள்ளேயே அடக்கம். உங்கள் கட்டணத்தில் அடங்குமா என்று மகளை ஒரு வரி கேட்கச் சொல்லுங்கள். பார் பில்லில் தனியாக 15 முதல் 20 வீதம் ஏறும், கப்பல் வைத்தியரைப் பார்த்தால் தனியார் ஆசுப்பத்திரிக் கணக்கு ஏறும். 105 நாட்களுக்கும் செல்லுபடியாகிற, கடலிலிருந்து ஹெலியில் தூக்கும் செலவையும் ஏற்கிற காப்புறுதி இல்லாமல் ஏறாதீர்கள்.

பாஸ்போர்ட்டை வாங்குவது உண்மை, பயப்பட ஒன்றுமில்லை. நீண்ட பயணங்களில் துறைமுகக் குடிவரவு அதிகாரிகளிடம் மொத்தமாகக் காட்டுவதற்காகச் சில கப்பல்கள் வாங்கி வைக்கும், அதிகாரி ஆளைப் பார்க்கக் கேட்டால் திருப்பித் தரும். படப் பக்கமும் விசாப் பக்கங்களும் இரண்டு கொப்பி கையில் இருக்கட்டும். ஊரில் ஒரு ஏஜென்சிக்காரர் லாச்சியில் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருக்கிறாரே, அதற்குத்தான் பயப்படவேண்டும்.

ஏறும் மேசையில் ஆட்களைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் விசாவுக்காக. பிரித்தானிய விசா சாதாரணமாக 6 மாதம். நத்தாருக்கு மகளோடு இருக்கலாம் என்று ஒக்டோபர் 15 முதல் எடுத்தால் ஏப்ரல் நடுவில் முடிந்துவிடும். உங்கள் கப்பல் சவுதாம்ப்டனுக்குத் திரும்புவது ஏப்ரல் 25. பிந்தித் தொடங்குங்கள், அல்லது 2 வருட விசாவுக்கு விண்ணப்பியுங்கள். மடெய்ராவும் கனரித் தீவுகளும் ஷெங்கன், அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரே விசா செல்லும் பகுதி. திரும்பும்போது லிஸ்பனோ பார்சிலோனாவோ வந்தால் அது இரண்டாவது நுழைவு. ஒருமுறை நுழைவு விசா போதாது. அமெரிக்கத் துறைமுகம் ஒன்று இருந்தால், நீங்கள் கபினை விட்டு இறங்காவிட்டாலும் பி-1/பி-2 எனப்படும் வருகை விசா வேண்டும். "கப்பல்காரருக்கான விசா" என்று சி-1/டி எடுத்துத் தருவதாகச் சொல்வார்கள், கவனம். அது கப்பலில் வேலை செய்பவர்களுக்கு உரியது.

ஆறு மணித்தியாலம் கரையில் நடக்க ஒவ்வொரு நாடும் தனித்தனி விண்ணப்பம் கேட்கிறது, ஹோட்டல் பதிவு எங்கே என்று கேட்கிறது. கப்பல்தான் ஹோட்டல் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டமில்லை. கம்பனியோ "விசா பயணியின் பொறுப்பு" என்று ஒரு வரியோடு கைகழுவிவிடும், ஏற்றாவிட்டால் காசும் திரும்பாது. துறைமுகப் பட்டியலை வைத்து ஒவ்வொரு தூதரக இணையத்தளத்திலும் நீங்களே பாருங்கள். இலங்கைப் பாஸ்போர்ட்டை மனதில் வைத்துப் பாருங்கள். மகளின் பிரித்தானியப் பாஸ்போர்ட்டுக்குத் தேவைப்படாதது உங்களுக்குத் தேவைப்படும்.

சூட்கேசைத் துறைமுக வாசலில் கொடுத்தால் கபினுக்கு வர இரவாகலாம். இன்சுலின், குளிசைகள், கண்ணாடி, ஒரு மாற்றுடுப்பு எல்லாம் கைப்பையில். 105 நாளுக்குக் கணக்கிட்டு அதைப்போல ஒன்றரை மடங்கு மருந்து கொண்டுபோங்கள். கப்பல் மருந்தகத்தில் உங்கள் வகை இருக்கும் என்று நம்பமுடியாது. வைத்தியர் கடிதம் ஆங்கிலத்தில், மருந்தின் மூலப்பெயரோடு (கம்பனி வைத்த பெயர் மட்டும் அல்ல) இருக்கட்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸ். கபின் குளிர்பெட்டியை நம்பாதீர்கள். சிலது குளிராது, சிலது பின்பக்கத்தில் உறையவைக்கும். உறைந்த இன்சுலின் எறியத்தான். முதல் நாளே கபின் பணியாளரிடம் மருந்துக் குளிர்பெட்டி கேளுங்கள், பாவித்த ஊசிகளை எறியும் பெட்டியையும் கேளுங்கள்.

கேத்தல், ஸ்திரிக்கைப்பெட்டி, ஊதுபத்தி, கற்பூரம், விளக்கு ஒன்றும் வேண்டாம். கப்பலில் நெருப்பைப் போல ஆபத்து இல்லை. சாமி படத்துக்கு முன்னால் பூ மட்டும் வையுங்கள். மிளகாய்த்தூள் சிறு போத்தலில் இருக்கலாம், ஆனால் அவுஸ்திரேலியா, நியூசிலாந்துக் கரைக்குச் சாப்பாட்டுச் சாமான் எதையும் கொண்டு இறங்காதீர்கள். நியூசிலாந்தில் சொல்லாமல் மறைத்தால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டொலர் தண்டம்.

கப்பல் ஏறிய அன்றைக்கே அவசரப் பயிற்சி இருக்கும். 2012 ஜனவரி 13 அன்று கொஸ்டா கொன்கோர்டியா என்ற சொகுசுக் கப்பல் இத்தாலிக் கரையில் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்களுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. 2015 முதல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே பயிற்சி கட்டாயம். ஏழு குறுஞ்சங்கு, ஒரு நெடுஞ்சங்கு கேட்டால் அட்டையில் எழுதிய கூடும் இடத்துக்குப் படியால் போகவேண்டும், லிப்டால் அல்ல. இப்போது பல கப்பல்களில் படத்தை ரிவியில் பார்த்துவிட்டு அந்த இடத்துக்கு நடந்துபோய் அட்டையைக் காட்டினால் சரி. ஒருவர் போய் இருவருக்கும் காட்டமுடியாது.

தெற்கே திரும்பும் கப்பல் என்றால் இரண்டாம் நாள் பிஸ்கே விரிகுடா. ஜனவரியில் அது குலுக்கும். கீழ்த்தளம், கப்பலின் நடுப்பகுதி கொஞ்சம் அமைதி. கபின் இன்னும் மாற்றமுடியுமா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். சினரிசின் குளிசை இரண்டு மணித்தியாலம் முன்னமே போடவேண்டும், குமட்டல் தொடங்கியபின் போட்டால் பயன் குறைவு. அதைப் போட்டால் நித்திரை வரும், பார்க்கின்சன் (கை கால் நடுங்கும் நரம்பு நோய்) உள்ளவர்களுக்கு ஆகாது. மனைவிக்கு வேறொரு ஆபத்து உண்டு. சாப்பாட்டு இன்சுலினைப் போட்டபின் வாந்தி எடுத்தால் சீனி மளமளவென்று இறங்கும். சாப்பிடமுடியாத நாளில் எந்த ஊசியை எவ்வளவு போடுவது என்று யாழ்ப்பாணத்திலேயே வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். தாமாக நிறுத்தக்கூடாது. குளுக்கோஸ் கட்டிலருகில் இருக்கட்டும்.

கரை மறைந்ததும் போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். இல்லாவிட்டால் கப்பலின் செய்மதி வலையமைப்பில் தானாகத் தொற்றிக்கொள்ளும். ஒரு அழைப்பை எடுத்ததற்கே பில் வரும். கப்பல் வைபை வாங்கி வட்ஸ்அப்பில் கதையுங்கள்.

மேற்கே போகும் கப்பலில் சில இரவுகள் 25 மணித்தியாலம், அன்று மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள். விமானப் பயன்முறையில் உள்ள போன் தானாக மாறாது. கபினுக்கு வரும் நாள் நிகழ்ச்சித் தாளில் அந்த மாற்றம் அச்சாகியிருக்கும். இரவுப் படுக்கை இன்சுலினை எத்தனை மணிக்குப் போடுவது என்பதை அந்தத் தாளைப் பார்த்தபின் முடிவுசெய்யுங்கள்.